வளர்றதுக்கு விட்ட துணி

சந்தனமாரிக்கு வால் தைத்தவன் நான். அதனால் கதையையும் நானே சொல்லவேண்டும் என்று ஊரில் முடிவாகிவிட்டது. ஒரு தடவைதான் சொல்வேன். இடையில் யாராவது கேள்வி கேட்டால் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவேன், அப்புறம் எனக்கு எதுவும் காதில் விழாது.

எங்கள் ஊர் வைப்பாற்றுக் கரையில் இருக்கிறது என்று பேர்தான். ஆற்றில் மணல் இருக்கும், மணலுக்கு மேல் வேலிக்கருவை இருக்கும், வேலிக்கருவைக்குள் ஆடு மேயும், தண்ணீர் மட்டும் ஐப்பசி கார்த்திகையில் மனசு வந்தால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கிழக்கே கடலுக்குப் போய்விடும். அந்தக் கடலை ஊரில் பாதிப் பேர் பார்த்ததில்லை. மீன் பார்த்திருக்கிறோம். வேம்பாரிலிருந்து அந்தோணியம்மாள் அலுமினியச் சட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவாள். எங்களுக்குத் தெரிந்த கடல் அந்தச் சட்டி அளவுதான்.

குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வைப்பார்கள். ஒரு வேஷத்தை ரெண்டு பேர் போடக்கூடாது என்பது தலைமையாசிரியை ஜெபமணி டீச்சர் போட்ட சட்டம். பேச்சித்தாய் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து, தீக்குச்சி மருந்து நாற்றத்தோடு மகளைக் கூட்டிக்கொண்டு பேர் கொடுக்கப் போவதற்குள் பாரதமாதா போய்விட்டாள், ஔவையார் போய்விட்டார், போலீஸ், டாக்டர், நர்ஸ், தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் போய்விட்டன. சந்தனமாரி சுற்றுமுற்றும் பார்த்தாள். பள்ளிக்கூடத்துச் சுவரில், குடிநீர்க் குழாய்க்கு மேலே, பெயிண்டர் எவனோ ஒரு கடல்கன்னியை வரைந்துவைத்திருந்தான். பாதி வாலில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. “நான் அது” என்றாள் பிள்ளை. டீச்சர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பேச்சித்தாய் என் கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு வால் தைக்கணும்.”

“எதுக்கு?”

“சந்தனத்துக்கு. கடல்கன்னியாம்.”

“சாத்தூர்ல வேஷத்துணி வாடகைக்குத் தாரான்.”

“அவன் கேக்கிற வாடகைக்குக் கடலையே கொண்டாந்து இறக்கிரலாம். நீங்க இருக்கிறத வச்சுத் தையுங்க.”

அவள் புருஷன் வடக்கே முறுக்குக் கம்பெனி வேலைக்கு என்று ரயிலேறிப் போனவன். முதலில் யார் யார் போனிலிருந்தோ பேசினான், பிறகு பேசவில்லை, பிறகு அந்தப் போன்களும் எடுக்கவில்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வைத்துக்கொண்டு போகிறவள். அவளிடம் என்ன பேரம் பேசுவது? சரி என்றேன்.

படி இறங்கியவள் திரும்பினாள். “வளர்ற புள்ள அண்ணாச்சி. உள்ள துணி விட்டே தையுங்க. அடுத்த வருஷமும் அதையே போட்டுக்கிடுவா.”

எங்கள் ஊரில் வளர்வதற்கு விடாமல் யாரும் பிள்ளைத்துணி தைப்பதில்லை. பாவாடைக்குக் கீழே அடுக்கடுக்காக டக் பிடித்து மடித்துத் தைப்போம். வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்து இறக்குவோம். மடிப்புக்குள் வெயில் படாத துணி வெளுக்காமல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளைப் பார்த்தால் பிள்ளைக்கு என்ன வயசு, வீட்டில் என்ன வசதி, ரெண்டும் தெரிந்துவிடும். வாலுக்குப் போய் யாராவது வளர்வதற்கு விடுவார்களா என்று இன்றைக்குக் கேட்கிறார்கள். பாவாடைக்கு விடுகிறோம், சட்டைக்கு விடுகிறோம், வால் மட்டும் என்ன பாவம் செய்தது? கேட்டாள், விட்டேன்.

அடித்துணிக்கு, கம்பி ஒடிந்த குடைகளின் துணியைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். துடுப்புக்குச் சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாசும், விறைப்புக்குப் பேச்சித்தாய் கொண்டுவந்த தீப்பெட்டி அட்டையும். செதிலுக்குத்தான் துணி வேண்டியிருந்தது. கட்டிங் மேஜைக்குக் கீழே ஒரு சாக்கு உண்டு. ஊரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் நான் தைத்த அத்தனை ரவிக்கையின் மிச்சமும் அதற்குள் கிடந்தது. கல்யாண ரவிக்கை, வளைகாப்பு ரவிக்கை, சாவு வீட்டுத் துட்டிக்குப் போகிற ரவிக்கை, ஓட்டுப் போடப் போகிற ரவிக்கை, சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குப் போன அன்றைக்கு அவசரமாகத் தைத்து வாங்கிய ரவிக்கை, எல்லாம் துண்டு துண்டாக, வெள்ளி ஜரிகையும் பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாக. ஒரு வளையலை வைத்து அரைவட்டம் அரைவட்டமாக வெட்டி, ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக வைத்துத் தைத்தேன். இடுப்புக்குக் கொக்கி. உள்ளே டக். முடிந்தது.

சந்தனமாரி மேடையில் தத்தித் தத்திப் போய் நின்று, “நான் கடலில் வாழ்கிறேன், எனக்குக் கால் கிடையாது” என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். தக்காளிக்கு முதல் பரிசு கிடைத்தது. இவளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்புடப்பா.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சித்தாய் மறுபடி வந்தாள். “கொக்கி வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

போய்ப் பார்த்தேன். கொக்கி வராததற்குக் காரணம், கொக்கி இல்லை. கொக்கி இருந்த இடத்தில் தோல் இருந்தது. கத்திரிக்கோல் நுனியால் ஓரத்தில் ஒரு நூலை வெட்டினேன். “வலிக்கி தாத்தா” என்றாள் பிள்ளை. வெட்டின இடத்தில் ரத்தம் ஒரு பொட்டு வந்தது. செதில்கள் பழைய மாதிரியே கட்டமும் பூவும் ஜரிகையுமாகத்தான் இருந்தன, ஆனால் தொட்டால் சில்லென்று இருந்தது. கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“என்ன அண்ணாச்சி இது?”

“பிடிச்சுக்கிருச்சு.”

“எப்ப விடும்?”

“எனக்கென்ன தெரியும்? நான் டெய்லர்.”

அப்புறம் ஊர் தன் வேலையைப் பார்த்தது. பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆனதும், மாடு விற்றுப்போன வீட்டிலிருந்து ஒரு சிமெண்டுத் தொட்டியை உருட்டிவந்து பேச்சித்தாய் வாசலில் வைத்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு வீட்டுக்கு ஒரு குடம் அதில் ஊற்றுவது என்று யாரும் கூட்டம் போடாமலே வழக்கமாகிவிட்டது. தண்ணீர்க் கேன் போடுகிற வண்டிக்காரன் காலையில் பிள்ளையைப் பெரிய அண்டாவில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான். ஜெபமணி டீச்சர் முதல் வரிசையில் பெஞ்சை எடுத்துவிட்டு அண்டாவுக்கு இடம் பண்ணினார். உடற்பயிற்சி வாத்தியார் மட்டும் ஒரு வாரம் யோசித்துவிட்டு, மற்ற பிள்ளைகள் ஓடும்போது நீ விசில் ஊது என்று அவளிடம் விசிலைக் கொடுத்தார். நாய்கள் முதலில் குரைத்தன. பிறகு தொட்டி நிழலில் படுத்துக்கொண்டன.

ஆனால் பெண்கள் விடவில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் வாலை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“ஏ, இது என் கல்யாண ரவிக்கை!” என்று கத்தினாள் கோமதி. பேச்சித்தாய்க்கு எதிர்வீட்டுக்காரி, அவள் குரல் சாத்தூர் வரைக்கும் கேட்கும். கத்தரிப்பூ நிறத்தில் ஜரிகை போட்ட செதில் ஒன்று, இடுப்புக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. அவ்வளவுதான், ஊரே வந்து தேடியது. அகப்பட்டவர்கள் சிரித்தார்கள். தன் துணியை அடிப்பக்கமாக வைத்துவிட்டேன் என்று ஒருத்தி என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. கோமதி நேராகக் கடைக்கே வந்தாள்.

“மிச்சத்துணி எங்கன்னு கேட்டதுக்கு, ‘மிச்சமா? பத்தாம இழுத்துப் பிடிச்சுல்ல தைச்சேன்’னு சொன்னீகளே அண்ணாச்சி?”

“சொன்னேன்.”

“இப்ப அது எங்கருந்து வந்துச்சாம்?”

“எல்லா டெய்லரும் சொல்றதுதான். போ, வேலை கிடக்கு.”

கொஞ்ச நாளில் இன்னொன்றும் தெரியவந்தது. பீரோவுக்குள் மடித்துவைத்திருந்த கோமதியின் கல்யாண ரவிக்கை சொதசொதவென்று நனைந்துகிடந்தது. பக்கத்திலிருந்த சேலை நனையவில்லை, ரவிக்கை மட்டும். மோந்து பார்த்தால் உப்பு வாடை. வீட்டுக்கு வீடு இதே கதை. சந்தனமாரி தொட்டிக்குள் வாலை அடித்து விளையாடுகிறபோதெல்லாம், எந்தெந்த ரவிக்கையின் மிச்சம் வாலில் இருந்ததோ அந்தந்த ரவிக்கை, கொடியில் கிடந்தாலும் பெட்டியில் கிடந்தாலும் உடம்பில் கிடந்தாலும், நனைந்தது. பெண்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள், சத்தம் போட்டபடியே.

“ஏ பேச்சி! ஒம் மகள இன்னைக்கு ஒரு நாள் ஆடாமக் கெடக்கச் சொல்லு. கல்யாணத்துக்குப் போகணும், ரவிக்கை காயட்டும்!”

“சரி மதினி. ஏ சந்தனம், கோமதி அத்தை கல்யாணத்துக்குப் போறாளாம், அசையாத.”

“சாப்பாடு கொண்டாருவாகளா?” என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வரும்.

பொங்கல் வந்தபோது வால் இறுக்கிப் பிடித்தது. உள்ளே டக் இருந்ததே, ஒன்றைப் பிரித்துவிட்டேன். வலிக்கவில்லை, கூசுகிறது என்று சிரித்தாள். வால் நீண்டது, வெளுக்காத கோடு ஒன்று குறுக்கே தெரிந்தது. சித்திரையில் இன்னொன்று பிரித்தேன். ஆடியில் இன்னொன்று. பாவாடைக்கு வருஷத்துக்கு ஒன்று போதும், வால் அவசரப்பட்டது. பேச்சித்தாய் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று, உள்ளே இன்னும் எவ்வளவு மடிப்பு இருக்கிறது என்று என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாசம் ஒருநாள் அந்தோணியம்மாள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. இடம் மாறி வைத்த பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். செதிலுக்கு அடியில் விரலை விட்டு, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மீனைப் பார்க்கிற அதே கையால் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நல்லதண்ணிக்கு உள்ளதில்ல தாயி. உப்புத்தண்ணிக்கு உள்ளது.”

அன்றிலிருந்து ஊரார் ஆளுக்கு ஒரு கை கல்லுப்புக் கொண்டுவந்து தொட்டியில் போட்டார்கள். மாரியம்மன் கோயிலில் போட்டுப் பழகிய கை, உப்போடு சேர்த்து மிளகையும் போட்டது. “மிளகு போடாதீக, பிள்ளைக்குக் கண்ணு எரியுது” என்று பேச்சித்தாய் வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும் தடுத்துக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரி மீன்காரியிடம் கேட்டாள். “கடல் எம்புட்டுப் பெருசு பாட்டி?”

“இந்தப் பக்கம்தான் கரை. அந்தப் பக்கம் கரையே கெடையாது.”

“அப்ப திரும்பிக்கிட எடம் இருக்குமா?”

தொட்டிக்குள் அவளால் திரும்ப முடியவில்லை. தலையை இந்த ஓரத்தில் வைத்தால் வைத்ததுதான். புரட்டிவிட ரெண்டு பேர் வரவேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சித்தாயைப் பார்த்தார்கள்.

“என்னை எதுக்குப் பாக்கீக?” என்றாள் அவள். “அவுக அப்பா ரயிலேறிப் போனாக. இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இவளையும் அப்படி அனுப்பிட்டு நான் யார்கிட்டப் போய்க் கேக்க? கடலுக்கு என்ன நம்பர் இருக்கு?”

அந்தோணியம்மாள் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

புரட்டாசி முடிகிற சமயம் கடைசி மடிப்பும் தீர்ந்தது. வாலின் மேல்விளிம்பு இடுப்பில் கயிறு மாதிரி இறுகியது. பிள்ளை மூச்சை மேல்வாங்கி மேல்வாங்கி இழுத்தாள். விசில் ஊத முடியவில்லை. தடவிப் பார்த்தேன். பிரிக்க ஒன்றுமில்லை. ஒட்டுத்தான் போடவேண்டும். கடையிலிருந்த புதுத்துணியில் நல்லதாகப் பார்த்துப் பட்டையாக வெட்டி ஒட்டுப் போட்டேன். காலையில் அது பாட்டிலில் ஒட்டின லேபிள் மாதிரி கழன்று தண்ணீரில் மிதந்தது. புதுத்துணிக்கு அவளைத் தெரியவில்லை. யாரோ ஒருத்தி உடம்புக்கு உரிய துணி வேண்டும் என்று புரிந்தது. பெண்கள் ஆளுக்கொன்று எடுத்துவந்தார்கள். சந்தனமாரி எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

கோமதிதான் சொன்னாள். அவள் வாய் அப்படி. “அது சரிதான். ஊர்ப் பொம்பளைக எல்லாரு துணியும் இதுல இருக்கு. பெத்தவ துணி ஒரு நூல்கூட இல்ல.”

உண்மை. பேச்சித்தாய் என்னிடம் ரவிக்கை தைத்ததே கிடையாது. சாத்தூர் ரோட்டோரத்தில் குவித்துப் போட்டு விற்கிற ரெடிமேட்தான் வாங்கிப் போடுவாள். சாக்கில் அவள் மிச்சம் எப்படி வரும்?

பேச்சித்தாய் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது நைட்டியில் இருந்தாள். கையில், அதுவரை கட்டியிருந்த நீலச் சேலை. தீப்பெட்டி ஆபீசுக்குத் தினமும் கட்டிப்போய் மருந்து வாடை ஏறிப்போன சேலை.

“இதை வச்சுத் தைச்சா, அப்புறம் தொட்டி பத்தாது. அப்படித்தான?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“தைக்கலேன்னா?”

நான் பிள்ளையைக் காட்டினேன். உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். பேச்சித்தாய் சேலையை உதறி விரித்து நீளம் பார்த்தாள்.

“பாதி போதுமா?”

“போதும்.”

நான் கத்திரிக்கோலை எடுப்பதற்குள் பல்லால் ஓரத்தைக் கடித்து, பர்ரென்று ஒரே இழுப்பில் அவளே கிழித்தாள். “மிச்சத்த வச்சுக்கிடாதீக” என்றாள்.

மிச்சத்தைக் கையில் கொடுத்தேன். நான் டெய்லராகி மிச்சத்துணி திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் ஒட்டு பிடித்துவிட்டது. பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சுவிட்டாள், விசிலை எடுத்து ஊதினாள், வால் சிலிர்த்து ஒரு தட்டுத் தட்டியது. தொட்டி ரெண்டாகப் பிளந்து தண்ணீர் தெருவில் ஓடியது. ஊரில் உள்ள ரவிக்கை எல்லாம் நனைந்தது. அதே வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலையில் பெய்து, கண்மாய்களெல்லாம் நிரம்பி மறுகால் பாய்ந்து, வைப்பாறு வேலிக்கருவைகளைப் பிடுங்கிக்கொண்டு செம்பழுப்பாக வந்தது, கரை தொட்டு வந்தது, இந்தத் தடவை எட்டிப் பார்க்க வரவில்லை, அழைத்துப்போக வந்த மாதிரி இரைந்துகொண்டு வந்தது.

தண்ணீர் வண்டியில் தார்ப்பாயை விரித்து, தண்ணீர் நிரப்பி, அவளைப் படுக்கவைத்து ஆற்றுக்குக் கொண்டுபோனோம். ஜெபமணி டீச்சர் டிசி எழுதிக் கொண்டுவந்திருந்தார். நனையக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளை கழுத்தில் மாட்டிவிட்டார். “எங்க போனாலும் அஞ்சாம் வகுப்புல சேத்துக்கிடச் சொல்லு” என்றார். உடற்பயிற்சி வாத்தியார் விசிலைத் திருப்பி வாங்கவில்லை. கோமதி முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். நனைந்துபோகுமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அங்கேயே நின்று எல்லாவற்றையும் பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள்.

பேச்சித்தாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அவள் அழவில்லை. என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று பார்த்தோம்.

“ஈரத்தலையோட படுக்காத” என்றாள்.

சந்தனமாரி சிரித்தாள். ஆறு அந்தச் சிரிப்போடு அவளை வாங்கிக்கொண்டது. ஒரு தரம் கத்தரிப்பூ நிறம் மின்னியது. ஒரு தரம் நீலம். பிறகு தண்ணீர்தான்.

அதன் பிறகு ரவிக்கைகளே தபால் என்று ஆயிற்று. காலையில் எழுந்ததும் பீரோவைத் திறந்து தொட்டுப் பார்ப்பார்கள். தெருவில் நின்று கூவுவார்கள். “ஏ பேச்சி, எனக்கு நனைஞ்சிருக்கு, ராத்திரி நல்லா நீந்தியிருக்கா!” “எனக்கு மண்ணு ஒட்டியிருக்கு, கரைப்பக்கம் வந்துட்டுப் போயிருக்கா!” ஒருத்தி ரவிக்கைக்குள் விரல்நகம் அளவு சிப்பி கிடந்தது, அதைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். பேச்சித்தாய் வேலைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வீடு நின்று கேட்டுக்கொண்டு போவாள். தன் பாதிச் சேலையை மட்டும் அவள் தொடவில்லை. மடித்து டிரங்குப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். ஏன் பார்க்கவில்லை என்று கோமதி கேட்டதற்கு, “காஞ்சு கிடந்தா நான் என்ன செய்ய?” என்றாள்.

வருஷம் திரும்பியது. ரவிக்கைகள் ஒவ்வொன்றாக நனைவது நின்றது. முதலில் துட்டிக்குப் போகிற ரவிக்கைகள், பிறகு பூப்போட்டவை, கட்டம் போட்டவை. துணிச்செதில் உதிர்ந்து சொந்தச்செதில் முளைத்திருக்கும் என்றாள் அந்தோணியம்மாள், அயிலை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே. ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது. பீரோ திறக்கிறவர்கள் சேலை எடுக்கத்தான் திறந்தார்கள். கடைசியாகக் கோமதியுடையது மட்டும் நனைந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அதுவும் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. எப்போதும் கத்துகிற கோமதி அன்றைக்கு வெளியிலேயே வரவில்லை. பேச்சித்தாய் அவள் வாசலில் நின்று, “மதினி?” என்றாள். உள்ளே பீரோவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பேச்சித்தாய் வீட்டுக்குத் திரும்பி, சாவியைத் தேடி எடுத்தாள்.

அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் என் கடைக்கு வந்தாள். கையிலிருந்த பாதிச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வழியெல்லாம் சொட்டிக் கோடாகக் கிடந்தது. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதாம். எத்தனை நாளாக அப்படிக் கிடந்ததோ.

“ஓரம் அடிச்சுத் தாங்க அண்ணாச்சி. கிழிச்ச எடத்துல நூல் பிரியுது.”

“காயவச்சுக் கொண்டா.”

“பிழிஞ்சு பாத்துட்டேன். காயல.” முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. “நீங்க அப்படியே தையுங்க.”

வாங்கிப் பார்த்தேன். கிழித்த விளிம்பில் உப்புப் படிந்து வெள்ளையாக நின்றது. மருந்து வாடை போயிருந்தது. மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, ஓரத்தை மடித்தேன்.

“உள்ள துணி விடவா?” என்று கேட்டேன். பழக்கம்.

பேச்சித்தாய் யோசித்தாள். 

“விடுங்க. வளர்ற புள்ளதான.”

விட்டே தைத்தேன். ஊசிதான் துருப்பிடித்துவிட்டது. மாற்றவேண்டி வந்தது.